பீங்கான் பொம்மைகளும் அவற்றின் நகல்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸின் ஜூமோ தொழிற்சாலையிலும், ஜெர்மனியின் துரிஞ்சியாப் பிரதேசத்துப் பட்டறைகளிலும் பிறந்த பிஸ்க் பொம்மைகளை இன்று உலகெங்கும் ரசிகர்கள் தேடிச் சேகரிக்கிறார்கள். பிஸ்க் என்பது பளபளப்புப் பூச்சு இடாமல் சுட்ட பீங்கான். கன்னத்துச் செம்மையையும் புருவத்தின் மெல்லிய கோடுகளையும் அதன்மேல் தீட்டி மீண்டும் சூளையில் இடுவதால், தலைமுறைகள் பல கடந்தும் அம்முகம் மனித சருமத்தின் மென்மையோடு விளங்குகிறது.

அந்த முகத்தின் வசீகரத்தில் மனத்தைப் பறிகொடுக்குமுன், பொம்மையைத் திருப்பிப் பிடரியைப் பார்ப்பதே பரீட்சையின் முதற்படி. உற்பத்தியாளர் பெயரும் அச்சு எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் பதிந்திருக்கும். ஜூமோ பொம்மையின் உடலில் பாரிஸ் தங்கப் பதக்கத்தைக் குறிக்கும் முத்திரை இருந்தால், அது அப்பதக்கம் கிடைத்த 1878-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குப் பிற்பட்டது என்று துணியலாம். இறக்குமதிப் பண்டங்களில் பிறந்த நாட்டின் பெயர் காணவேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இயற்றியபடியால், ஜெர்மனி என்ற பெயர் தாங்கிய தலைகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவையே.

பழமை ஒன்றே விலையை நிர்ணயிப்பதில்லை, அருமையும் வேண்டும். அர்மான் மார்செய் நிறுவனத்தாரின் 390 என்ற எண்ணுள்ள பொம்மை நூறாண்டு கண்டதாயினும், ஏராளமாகச் செய்யப்பட்டதால் எளிய விலைக்கே கிடைக்கிறது. மெய்யான குழந்தைகளின் முகபாவங்களைத் தழுவி, கெம்மர்-ரைன்ஹார்ட் நிறுவனத்தார் 1909 முதல் வெளியிட்ட பொம்மைகளோ, அவற்றுள்ளும் சொற்பமாகச் செய்யப்பட்டவை, மிக உயர்ந்த மதிப்புப் பெறுகின்றன.

இனி நகல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அசல் தலையிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல், சூளையில் பீங்கான் சுருங்கும் இயல்பினால், மூலத்தைவிடச் சற்றுச் சிறுத்தே வெளிவரும். ஆகையால், பிடரியிலுள்ள எண்கள் சொல்லும் அளவும் நாம் நூலிட்டு அளந்து காணும் சுற்றளவும் பொருந்தாவிடில், சந்தேகம் கொள்ள நியாயமுண்டு. பழைய பீங்கானில் சூளைத் தூசியால் விழுந்த சிறு கரும்புள்ளிகள் தென்படுவதும், புதியது மாசுமறுவின்றி ஒரே சீராக இருப்பதும் மற்றோர் அடையாளம். பொய்முடியை மெதுவாக நீக்கி, தலைக்குள் சிறு விளக்கைச் செலுத்தினால், வெளியே புலப்படாத மயிரிழை விரிசலும் ஒட்டுவேலையும் தெரிந்துவிடும். தலையில் ஒரு விரிசல் இருப்பின், உடை எவ்வளவு அழகாயினும் மதிப்பு வெகுவாகக் குறையும்.

நகல் செய்வது குற்றமன்று. தன் பெயரையும் ஆண்டையும் பொறித்து, பழைய முகத்தை மீண்டும் உருவாக்கும் கலைஞர் நம் மரியாதைக்கு உரியவரே. அந்தப் பொறிப்பைச் சுரண்டி அழித்து, அசலென்று விற்பதுதான் வஞ்சனை.

பழம்பொம்மை ஒன்று உங்கள் கைக்கு வருமானால், அதைக் கழுவாதீர்கள், மறுவண்ணம் பூசாதீர்கள், கிழிந்த உடையையும் களையாதீர்கள். உள்ளது உள்ளபடியே, விஷயமறிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.