தலையும் தண்டுவடமும்

(தோட்டத் தொழிற்சங்கக் கிளைக் கூட்டம் ஒன்றில், ஓய்வு பெற்ற டிரஸர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மரப்பட்டையில் உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும் என்பதும் தெரியும். மரத்தைப் பற்றி இவ்வளவு அறிந்த நாம், நம் சொந்த உடம்பில் எங்கே காயம் படக்கூடாது என்பதை அறிய வேண்டாமா? அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

வளர்ந்த மனிதனின் மூளை சுமார் 1,400 கிராம் எடையுள்ளது. உடம்பின் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் பிராணவாயுவில் 100-க்கு 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சில நிமிடம் இரத்தம் போகாவிட்டால் மூளையின் உயிரணுக்கள் சாகத் தொடங்கும். ஆகவேதான் இயற்கை அதை மண்டையோடு என்னும் பெட்டியில் வைத்து, மூன்று சவ்வுகளால் சுற்றி, நீரில் மிதக்கவிட்டிருக்கிறது.

மூளையில் மூன்று பெரும் பகுதிகள் உண்டு. மேலே சுருக்கம் சுருக்கமாக இருப்பது பெருமூளை. கிராணி செக்ரோலில் கணக்குப் போடுவதும், நீங்கள் பட்டையைப் பார்த்து வெட்டுக்கோட்டை முடிவு செய்வதும், நான் இங்கே பேசுவதும் அதன் வேலை. பேச்சுக்கென்று மூளையில் தனி இடம் உண்டு என்பதை 1861-ல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக்காட்டினார். பெருமூளையின் இடப்பாதி வலக் கை கால்களையும், வலப்பாதி இடக் கை கால்களையும் ஆள்கிறது.

பின்தலையில் இருப்பது சிறுமூளை. காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு, சறுக்கும் மேட்டில் சிந்தாமல் நடக்கிறோமே, அந்த நிதானத்தைத் தருவது சிறுமூளை. சாராயம் அதைத் தாக்குவதால்தான் குடித்தவன் தள்ளாடுகிறான்.

மூன்றாவது, மூளைத்தண்டு. மூச்சும் இதயத் துடிப்பும் அதன் பொறுப்பு. நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்குவது தண்டுவடம். சுண்டுவிரல் பருமன், சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்பின் துளைக்குள்ளே ஓடுகிறது. அதிலிருந்து 31 சோடி நரம்புகள் கிளைத்து உடம்பெங்கும் போகின்றன. கட்டளை கீழே போவதும், வலி, சூடு, குளிர் என்ற செய்திகள் மேலே வருவதும் இந்த வழியாகத்தான். தண்டுவடம் வெறும் தபால்காரனும் அல்ல. காலில் முள் தைத்தால், ‘வலிக்கிறது’ என்று மூளை உணருமுன்பே தண்டுவடம் கட்டளையிட்டுக் காலை இழுத்துவிடுகிறது.

தோழர்களே! இத்தனை பெரிய வேலையைச் செய்யும் இந்த வடம் முழுவதும் அறுந்துபோனால், பழையபடி ஒட்டவைக்கும் மருத்துவம் இன்றுவரை இல்லை. இடுப்புக்கு மேலே முதுகில் அறுந்தால் கால்கள் செயலிழக்கும். கழுத்தில் அறுந்தால் கைகளும் போகும். கழுத்தின் மேற்பகுதியில் அறுந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

நான் வேலை பார்த்த காலத்தில், லோரியிலிருந்து ஒருவர் விழுந்தார். பதறிப்போன நண்பர்கள் இருவர் கையைப் பிடிக்க, இருவர் காலைப் பிடிக்க, மூட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி வந்தார்கள். அவர் பிறகு நடக்கவே இல்லை. விழுந்ததால் கெட்டதா, தூக்கியதால் கெட்டதா? எவராலும் சொல்ல முடியவில்லை. அந்த நால்வரின் அன்பில் குறையில்லை. ஆனால் அவர்களுக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அந்த வருத்தம் இன்னும் என்னை விடவில்லை.

ஆகவே நன்றாகக் கேளுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவரையும், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவரையும் அசைக்காதீர்கள். நெருப்போ வேறு ஆபத்தோ இருந்தாலொழிய இழுக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையையும் கழுத்தையும் ஆடாமல் பிடித்துக்கொள்ளட்டும். மற்றொருவர் 999-க்குப் போன் செய்யட்டும். மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று, பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், ‘கெட்ட காற்றுப் பட்டுவிட்டது’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். இரத்தக் கட்டியால் வந்ததென்றால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் உண்டு.

தலைக்கவசத்தைத் தலையில் வைத்தால் மட்டும் போதாது; வாரையும் மாட்டுங்கள். 1969-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையில் நேரும் விபத்துக்கும், வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோவில் உதவி கோரலாம். சந்தா கட்டப்படுகிறதா என்று பாருங்கள். விபத்து நடந்தால் தாமதியாமல் நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் தெரிவியுங்கள்.

ஆனால் எந்த உதவிப் பணமும் ஒரு தண்டுவடத்துக்கு ஈடாகாது. இன்று கேட்டதை இங்கே வராத நாலு பேருக்குச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியதை நீங்கள் தவறவிடாதீர்கள்.