எட்ட நின்று எடுக்கும் படம்

மேலூர் பக்கம் அரிட்டாபட்டி தெரியுமல்லவா? 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். அங்கே பாறை உச்சியில் லகர் வல்லூறு உட்கார்ந்திருந்தால், வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளிதான். செல்போனில் எடுத்தால் அந்தப் புள்ளியும் காணாமல் போய்விடும்.

இதற்கு லட்ச ரூபாய் லென்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. சூப்பர் ஜூம் கேமரா போதும். 2012-இல் வந்த கேனான் எஸ்எக்ஸ் 50-லேயே 50 மடங்கு ஜூம் உண்டு. உள்ளே இருக்கிற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதனால்தான் சின்ன லென்ஸே அவ்வளவு தூரம் இழுக்கிறது. ஆனால் வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

அதனால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை மேல் அனல் நெளியும். எந்த ஜூமும் உதவாது. முழு ஜூமில் பறவையைத் தேடினால் வானம்தான் தெரியும். குறைந்த ஜூமில் பிடித்து, பிறகு இழுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து அழுத்துங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கூடு கண்ணில் பட்டால் கிட்டே போக வேண்டாம். கிட்டே போகாமல் எடுக்கத்தானே காசு கொடுத்து ஜூம் வாங்கினோம்!