வெளிமாநிலக் கொத்தனார்களும் நமது பொறுப்பும்

 

கொத்து வேலைக்குப் பீகார், வங்காளம், ஒடிசாவிலிருந்தும், சலவைக்கல் பதிக்க இராஜஸ்தானிலிருந்தும் ஆட்கள் வருவது தமிழகமெங்கும் வழக்கமாகிவிட்டது. ஆடலூர் மலையில் வீடு கட்டும் நாமும் இதற்கு விலக்கல்லர். ஆனால் அவர்களை நாம் நேரில் அழைப்பதில்லை. மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்குப் பேசி முன்பணம் கொடுத்ததும், நம் பொறுப்பு தீர்ந்ததாக எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

நம் முன்னோர் காலத்தில் தமிழகத்துக் கூலிகளை இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். வழிச்செலவு, முன்பணம் எல்லாம் தொழிலாளியின் கடனாயின. கடன் தீர்ந்தால்தான் விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. வளைகுடாவில் கடவுச்சீட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் தவித்த பிள்ளைகளின் கதையும் நமக்குப் புதிதன்று. மேஸ்திரியின் முன்பணக் கணக்கில் கட்டுண்டு, ஊருக்குப் போக முடியாமல் நிற்கும் இளைஞனின் நிலையும் அதுவே. ஆனால் இம்முறை வேலை கொடுக்கும் இடத்தில் நிற்பவர்கள் நாம்!

ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஐந்து பேர் முதல் அது பொருந்தியது. இப்போது அச்சட்டம் புதிய தொழிற்சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. இரண்டு மூன்று பேரை வைத்து வீடு கட்டுகிறவர், சட்டம் தம்மைத் தொடாது என்று சொல்லிக்கொள்ளலாம். கூலிக்கடன் அப்படித் தீருமா?

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களில் பலர் ஆந்திரம், ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். உள்ளே சிக்கியவர்கள் எத்தனை பேர் என்பதே தொடக்கத்தில் தெளிவாகத் தெரியவில்லை. பெயரெழுதி வைக்காத வேலையில் நேரும் கதி இது.

நம் மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுவிடும், கூலியும் நிற்கும், தகரக் கொட்டகையின் ஈரத் தரையில் அவர்கள் நாட்களை எண்ணிக் கிடப்பர். மழைநாட்களுக்குச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் பேசிவிட வேண்டும். 2020 அக்டோபர் முதல் தமிழகத்தில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் நடைமுறையில் உள்ளது. தகுதியுள்ள வெளிமாநில அட்டைதாரர் நம் ரேஷன் கடையிலேயே தானியம் வாங்கலாம். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவாவது நம்மில் ஒருவர் உடன் செல்ல வேண்டாமா?

ஆகவே, இனி வேலை தொடங்கும் நாளிலேயே ஒவ்வொருவர் பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். வாரக் கூலி அவரவர் கையில் சேர்ந்ததா என்பதை, மேஸ்திரி இல்லாத நேரத்தில், அவரிடமே கேட்போம்.