சாவி யார் கையில்?

(தாங்கும் நண்பர்களின் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வாலிபர் ஊழியத்தில் தலைவர்களை உருவாக்குவதைக் குறித்துப் பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வெற்றியைச் சொல்லித் தொடங்க எங்களால் முடியாது. எங்கள் தவறைச் சொல்லியே தொடங்குகிறோம்.

ஞாயிறு மாலைதோறும் வாலிபர் ஐக்கியத்தார் வார்டுகளுக்கு வந்து பாடி, நோயாளிகளுக்காக ஜெபிப்பது வழக்கம். ஆறு ஆண்டுகள் ஒரே தம்பிதான் இதை நடத்திவந்தார். பாட்டைத் தெரிந்தெடுப்பவர் அவர், செய்தி கொடுப்பவர் அவர், கணக்கு எழுதுபவர் அவர். ஆர்மோனியமும் பாட்டுப் புத்தகங்களும் இருந்த அலமாரியின் சாவியும் அவர் கையில்தான். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் நாங்கள் அவருக்குச் சால்வை போர்த்தினோம். "தம்பி, உங்களுக்கு அடுத்து யார்?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஒருநாள் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அவசரமாகப் புறப்பட்டுப் போனார். அடுத்த ஞாயிறு ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து, பூட்டிய அலமாரி முன் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. பெண்கள் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு பாட்டியம்மா எங்களிடம், "ஐயா, பாட்டுப் பிள்ளைய இன்னைக்கும் வரலியா?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

அந்தத் தம்பியிடம் தொலைபேசியில் பேசினோம். "ஐயா, வேறொருத்தர்கிட்ட கொடுத்தா தப்பாச் செஞ்சிருவாங்களோன்னு பயந்தேன்" என்றார். அன்பானவர்களே, அது அவருடைய பயம் மட்டுமல்ல, எங்களுடைய பயமும் அதுதான்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்தபோது, அவருடைய மாமனார் எத்திரோ அவரைப் பாராட்டவில்லை. நீயும் இளைத்துப்போவாய், ஜனங்களும் இளைத்துப்போவார்கள் என்ற கருத்தில் எச்சரித்தார். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை வைக்கச் சொன்னார். நம் வாலிபர்களுக்கு முதலில் வேண்டியது ஆயிரம் பேர் கூடும் மேடையல்ல. பத்துப் பேருக்குப் பொறுப்பு ஏற்கும் வாய்ப்பே முதலில் வேண்டும்.

நம் மண்ணிலேயே இதற்குச் சாட்சி உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1895இல், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் பொறுப்பை ஏற்றார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனெரி ஊழியத்தைத் தாங்குவதைக் கண்டு அவர் உள்ளம் அசைந்தது. முப்பது வயது நிறையும் முன்பே, 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்குவதில் முன்னின்றார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். "இவன் சின்னப் பையன், இன்னும் பத்து வருஷம் போகட்டும்" என்று பெரியவர்கள் தள்ளிவைத்திருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம்!

நாங்கள் மறுபடியும் தொடங்கினோம். இம்முறை ஒவ்வொரு வார்டுக்கும் இருவர் பொறுப்பு. அவர்களோடு அவர்களைவிட இளையவர் ஒருவர் பழகவேண்டும். இரண்டு ஆண்டு முடிந்ததும் பொறுப்பு கைமாறவேண்டும். பணத்தை இருவர் எண்ணி, இருவர் கையெழுத்திட்டு, சபையாருக்குக் கணக்கைக் காட்டவேண்டும். ஒரு மூத்த செவிலியர் அவர்களுக்குக் கை கழுவவும், தாழ்ந்த குரலில் பேசவும், பேசுவதைவிட அதிகம் கேட்கவும் கற்றுக்கொடுத்தார். நோயாளியைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது, குழந்தைகள் வார்டில் யாரும் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக்கூடாது என்பதும் கண்டிப்பான விதிகள். அன்பு இருந்தால் போதும், ஒழுங்கு வேண்டாம் என்று எண்ணுவது ஆபத்து.

முதல் மாதத்திலேயே எங்களுக்குப் பரீட்சை வந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு மகள், அந்தப் பாட்டியம்மாவுக்காக ஜெபிக்க எழுந்து நின்றாள். இரண்டு வார்த்தைக்குமேல் வரவில்லை. அழுதுவிட்டாள். நாங்கள் முன்னே போய் ஜெபத்தை முடித்துவிட நினைத்தோம். பக்கத்தில் நின்ற செவிலியர், "ஐயா, கொஞ்சம் பொறுங்க. அந்தப் பிள்ளையே முடிக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் பொறுத்தோம். பாட்டியம்மா அவள் கையைப் பிடித்து, அவளுக்காகத் தாமே ஜெபித்தார்கள்! நாற்பது வருஷ ஊழியத்தில் நாங்கள் செய்த எத்தனையோ சரளமான ஜெபங்களைவிட அந்த மாலை எங்கள் நினைவில் நிற்கிறது. இன்று அந்த மகள்தான் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பு. அவளோடு இரண்டு இளைய பிள்ளைகள் வருகிறார்கள்.

ஒருமுறை தவறியவரைத் தள்ளிவிடவும் வேண்டாம். ஊழியப் பயணத்தின் நடுவிலே திரும்பிப்போன மாற்குவைப் பவுல் மறுபடியும் சேர்த்துக்கொள்ள விரும்பவில்லை. பர்னபா சேர்த்துக்கொண்டார். கடைசியில் பவுலே மாற்கு தமக்குப் பிரயோஜனமானவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஒவ்வொரு சபையிலும் ஒரு பர்னபா வேண்டும்.

அருமையான நண்பர்களே, உங்கள் காணிக்கையால் ஏழை நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கிறது. அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் இன்று உங்களிடம் வேறொன்றும் கேட்கிறோம். வீட்டுக்குத் திரும்பியதும் உங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தைப் பாருங்கள். சாவி யார் கையில் இருக்கிறது? எத்தனை வருஷமாக இருக்கிறது? ஒருவேளை அது நம்மைப்போன்ற நரைத்த தலைக்காரரின் பையிலேயே இருக்கலாம். இருந்தால், அதைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாமல், பின்வரிசையில் உட்கார்ந்து அவர்களுக்காக ஜெபியுங்கள்.

எங்கள் அலமாரிக்கு இப்போது மூன்று சாவிகள் உண்டு. எங்கள் கையில் ஒன்றுமில்லை. ஞாயிறு மாலைகளில் பாட்டுச் சத்தம் கேட்கிறது.

ஆண்டவர்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.