இழுக்காத வண்டியும் ஓட்டுநரின் நோட்டும்



ஆஸ்டின் டவுனிலிருந்து கொஞ்ச தூரம் போனால் ஆடுகோடி வரும். ஆடுகோடி என்றதும் பழைய ஓட்டுநர்களுக்கு மைக்கோ கம்பெனி நினைவுக்கு வரும். அது 1951இல் தொடங்கிய கம்பெனி. டீசல் வண்டிகளுக்கு வேண்டிய பம்பும் நாசிலும் அங்கே செய்தார்கள். 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது. நாடெங்கும் ஓடிய லாரி, பஸ், டிராக்டர் பலவற்றில் மைக்கோ பம்ப் இருந்தது. ஆகவே டீசல் எஞ்சினைப் பற்றிப் பேச ஆஸ்டின் டவுன் பொருத்தமான இடம்தான்.

இன்றைய பேச்சு ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. பழைய டீசல் கார் இழுக்கவில்லை என்றால் என்ன செய்வது?

ஓர் ஓட்டுநரை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். வயது ஐம்பது. ஆஸ்டின் டவுனில் வீடு. அவரிடம் ஒரு பழைய டீசல் அம்பாசிடர் கார் இருக்கிறது. அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் கல்யாணத்துக்கு அந்தக் காரைக் கேட்டு வருபவர்கள் உண்டு. அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது.

ஒரு நாள் நந்தி மலைக்குச் சவாரி. பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பாதி வழியிலேயே வண்டி சோர்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தார். வேகம் ஏறவில்லை. ஓரமாக நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்து எடுத்தார். வண்டி நன்றாகப் போனது. இருபது கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே சோர்வு. சவாரி வந்தவர்கள் கோபித்துக் கொண்டு வேறு வண்டி பிடித்தார்கள்.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினார். "எஞ்சினைப் பிரிக்கணும். பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு அவருக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்தார். மனைவி தன் வளையல்களைக் கழற்றி எதிரே வைத்தார்.

அந்தத் தெருவில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். செய்தி கேட்டு அவரே வந்தார்.

"தம்பி, அவசரப்படாதே. எஞ்சினைப் பிரிக்கிறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி காசில்லாம பார்க்க வேண்டியது நிறைய இருக்கு" என்றார்.

இதுதான் இந்தப் பேச்சின் சாரம். செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். செலவுள்ளதைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

எஞ்சின் எப்படி வேலை செய்கிறது?

ருடால்ஃப் டீசல் என்பவர் ஜெர்மனி நாட்டு எஞ்சினியர். 1897இல் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. அவர் பெயரே எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் வந்துவிட்டது.

பெட்ரோல் எஞ்சினில் பிளக் இருக்கும். அது பொறி தரும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. அப்படியானால் டீசல் எப்படிப் பற்றுகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதுதான் காரணம். பழைய டீசல் கார் எஞ்சின், காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்துகிறது. அப்போது சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பனிபோலத் தூவுகிறது. டீசல் உடனே பற்றிக் கொள்கிறது.

ஆகவே எஞ்சினுக்கு மூன்று வேண்டும். நிறையக் காற்று, சுத்தமான டீசல், நல்ல அழுத்தம். அழுத்தத்தை மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் என்பார்கள். வண்டி இழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று குறைந்திருக்கும்.

முதலில் எஞ்சினுக்கு வெளியே

குறை எஞ்சினிலேயே இல்லாமலும் இருக்கலாம். பெரியவர் முதலில் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக் கொண்டிருக்கிறது என்று பொருள். டயரில் காற்றைப் பார்த்தார். காற்று குறைந்த டயரும் வண்டியைப் பின்னால் இழுக்கும்.

பிறகு கிளட்ச். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. இந்த வண்டியில் அப்படி இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு, "ஆக்சிலேட்டரை முழுசா மிதி தம்பி" என்றார். பம்பில் உள்ள லீவர் கடைசி வரை போகிறதா என்று பார்த்தார். கேபிள் தளர்ந்தாலோ, மிதிக்குக் கீழே தரைவிரிப்பு மடிந்து கிடந்தாலோ லீவர் முழுவதும் போகாது. இங்கே முழுவதும் போனது.

புகை சொல்லும் சேதி

அடுத்து, ஓடும் வண்டியின் புகையைப் பார்த்தார். புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

கறுப்புப் புகை வந்தால் டீசல் முழுவதும் எரியவில்லை. காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை.

நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது. அல்லது ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே கசிகிறது.

புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால்? எஞ்சினுக்கு டீசல் போதிய அளவு வரவில்லை.

இந்த வண்டியில் புகையே இல்லை.

காற்றின் வழி

இருந்தாலும் பெரியவர் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரிந்தது. ஃபில்டர் நன்றாக இருந்தது. அடைத்துப் போயிருந்தால் புதிது போட வேண்டும். ஃபில்டர் இல்லாமல் வண்டியை ஓட்டவே கூடாது. தூசி உள்ளே போய் ரிங்கைத் தின்றுவிடும்.

இங்கே ஒரு செய்தி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத பழைய வண்டி சென்னையில் இழுப்பதைவிடப் பெங்களூரில் சற்றுக் குறைவாகத்தான் இழுக்கும். நந்தி மலை மேலே இன்னும் குறையும். அது நோய் அல்ல, இயற்கை. ஆனால் நேற்றுவரை இழுத்த வண்டி இன்று அதே ரோட்டில் இழுக்கவில்லை என்றால் அது நோய்.

டீசலின் வழி

டீசல் டேங்கிலிருந்து குழாய் வழியாக வருகிறது. ஃபில்டரில் வடிகட்டப்படுகிறது. பிறகு பம்புக்கும் நாசிலுக்கும் போகிறது. பம்பின் உள்ளே இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மிக மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குகள்தான். அதனால்தான் டீசல் சுத்தமாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்பைத் தேய்த்துவிடும்.

பெரியவர் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். இங்கே தண்ணீர் இல்லை. ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தாலும் வண்டி சோரும். வெடிப்பும் இல்லை.

பெரியவர் யோசித்தார். "எதுக்கும் உன் நோட்டை எடுத்துட்டு வா தம்பி" என்றார்.

நோட்டு சொன்ன பதில்

அந்த ஓட்டுநர் நாற்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றார். அன்றுமுதல் வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை மூன்றையும் எழுதி வந்தார். எழுத்து கோணல்தான். ஆனால் ஒன்றையும் விட்டதில்லை.

அவரே சத்தமாகப் படித்தார். ஆயில் மாற்றிய தேதிகள் வந்தன. நடுவில் ஆயில் ஊற்றியதாக எங்கும் இல்லை.

"பார்த்தியா? ஆயில் குறையலை. நீலப் புகை இல்லை. காலையில வண்டி உடனே ஸ்டார்ட் ஆகுது. அப்போ ரிங் நல்லாத்தான் இருக்கும். எஞ்சினை எதுக்குப் பிரிக்கணும்?" என்றார் பெரியவர்.

அடுத்த வரியைப் படித்தார். "டீசல் டேங்க் மூடி தொலைந்தது. புது மூடி போட்டது."

"எப்போ?"

"நந்தி மலை போறதுக்கு நாலு நாள் முன்னாடி அண்ணே."

பெரியவர் சிரித்தார். இருவரும் வண்டியை எடுத்துக் கொண்டு ஓசூர் ரோட்டில் போனார்கள். இருபது கிலோமீட்டரில் வண்டி சோர்ந்தது. ஓரம் கட்டி டேங்க் மூடியைத் திறந்தார்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியைப் போட்டு வண்டியை எடுத்தார்கள். நன்றாக இழுத்தது.

காரணம் இதுதான். டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய அந்த இடத்தில் காற்று புக வேண்டும். அந்தக் காருக்கு அதற்கான சிறு துளை மூடியில்தான் உண்டு. புது மூடியில் துளை இல்லை. உறிஞ்சி உறிஞ்சி டேங்கில் வெற்றிடம் உண்டானது. பம்பால் டீசலை இழுக்க முடியவில்லை. வண்டி நின்றிருக்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனது. அதனால்தான் அரை மணி நேரத்தில் தானாகச் சரியானது.

ஜே.சி. ரோட்டில் வண்டிச் சாமான் கடைகள் நிறைய உண்டு. துளையுள்ள சரியான மூடியை அங்கே வாங்கிப் போட்டார். வளையல்கள் மனைவியின் கைக்குத் திரும்பின.

நினைவில் வைக்க

எல்லா வண்டிக்கும் மூடிதான் காரணம் என்று எண்ண வேண்டாம். உண்மையிலேயே ரிங் தேய்ந்த வண்டியும் உண்டு. அப்போதும் பிரிக்கும் முன் கம்ப்ரஷனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நாசிலைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். அளந்து வந்த எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயில் கை வைக்காதீர்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டேங்கைத் திறக்கும்போது பீடி, சிகரெட் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. கறுப்புப் புகையைச் சரி செய்வது வண்டிக்கு மட்டுமல்ல, தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கும் நல்லது.

கடைசியாக ஒன்று. ஒரு நோட்டு, ஒரு பேனா வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை. தினம் ஒரு வரி போதும். நினைவு மறக்கும், எழுத்து மறக்காது.