வெட்டிக் கொடுக்கும் மாத்திரை

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவை ஒடுக்கும் மருந்து. சாதாரணச் சளியும் டெங்குவும் வைரஸால் வருபவை. அங்கே இந்த மருந்துக்கு வேலையே இல்லை. ஆனாலும் காரைக்குடியானாலும் சரி, தேவகோட்டையானாலும் சரி, மருந்துக்கடையில் "காய்ச்சல், சளிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்பது ஓய்ந்தபாடில்லை. கத்தரி எடுத்து அட்டையை வெட்டுகிறார்கள். பாரசிட்டமாலோடும் செட்ரிசினோடும் இரண்டு அசித்ரோமைசினும் சின்னக் காகித உறைக்குள் போகிறது. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. விழுங்கியது என்னவென்று விழுங்கியவருக்கும் தெரியாது, மறுவாரம் அவரைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது.

மருந்து பட்டதும் வலுவற்ற பாக்டீரியா மடிகின்றன; தாக்குப்பிடித்தவை காலியான இடத்தில் பெருகுகின்றன. எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவை, பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையத்தின் வழியே வேறு இனப் பாக்டீரியாவுக்கும் அவை கொடுத்துவிடும். அதனால் கெடுதல் விழுங்கியவரோடு நிற்பதில்லை. அந்த மாத்திரையையே தொடாத பக்கத்து வீட்டு ஆச்சியின் சிறுநீர்த் தொற்றுக்கும் வழக்கமான மருந்து கேட்காமல் போகலாம்.

கார்பபெனெம் என்னும் கடைசிக்கட்ட மருந்துகளையே சிதைக்கும் என்டிஎம்-1 நொதி சென்னை, ஹரியானா நோயாளிகளின் மாதிரிகளில் இருப்பதை 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. என்டிஎம்மில் உள்ள 'என்டி' நியூ டெல்லியைக் குறிக்கும்; நொதிக்குப் புதுடெல்லியின் பெயரா என்ற கோபம் முதலில் எழுந்தது. மருந்தைப் பற்றிய கவலை பிறகுதான் வந்தது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, இந்த எதிர்ப்புத் திறனைச் சமாளிப்பதற்கான சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன.

2014 மார்ச் 1 முதல் மருந்து விற்பனை விதிகளில் எச்1 அட்டவணை 46 மருந்துகளோடு நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நல்ல விதி, ஆனால் பாதி விதி. அந்தப் பட்டியலில் செஃபிக்சிம் உண்டு; அசித்ரோமைசினும் அமாக்சிசிலினும் இல்லை. சீட்டில்லாமல் அவற்றையும் விற்கக்கூடாது என்பதே சட்டம். ஆனால் காகித உறைக்குள் போகும் மாத்திரைக்குக் கணக்கு இல்லை.

இந்த அவையில் இருக்கும் மருந்து வணிகர்கள் அந்த இரண்டையும் அதே பதிவேட்டில் எழுதத் தொடங்கட்டும். எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.