பூத்துறை செம்மண்ணும் கடல்கடந்த கணக்கும்

விழுப்புரம் மாவட்டம் பூத்துறை செம்மண் குவாரியில் விதிமீறி அள்ளியதால் அரசுக்குச் சுமார் 28 கோடி ரூபாய் இழப்பு என்பது வழக்கு. அப்படி அள்ளியதில் கிடைத்த பணம் இந்தோனேசிய நிறுவனம் ஒன்றுவரை போனதாக 2023 ஜூலையில் அமலாக்கத்துறை சொன்னது. உண்மை எது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் குவாரியை நேரில் பார்த்துவிடக்கூடிய திண்டிவனம் நிருபர், அயல்நாட்டுக் கம்பெனிப் பதிவேட்டை எப்படிப் புரட்டுவார்? நிருபர்களுக்குத் தோள்கொடுக்கும் அமைப்புகள் அங்கேதான் வேண்டும். சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு ஒருங்கிணைத்ததால்தான், அயல்நாட்டுக் கம்பெனிகள் குறித்துக் கசிந்து 2016-இல் செய்தியான பனாமா ஆவணங்கள் 1.15 கோடியை 370-க்கும் மேற்பட்ட நிருபர்கள் சேர்ந்து அலச முடிந்தது.

இப்படிக் கணக்கைத் துருவுவது அதிகாரிகளின் வேலைதானே என்பார்கள். ஆனால் பனாமா செய்திகள் வந்த பிறகுதான் மத்திய அரசு பல துறை விசாரணைக் குழுவை அமைத்தது. நன்கொடையில் நடக்கும் இத்தகைய அமைப்புகளை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. நன்கொடையாளர் பட்டியலை அவை வெளியிடட்டும், ஆவணங்களைப் பிறரும் சரிபார்க்கட்டும். மாவட்ட நிருபருக்கு உடனடித் தேவை, கணக்கு படிக்கும் பயிற்சியும் அவதூறு வழக்கு வந்தால் வாதாட ஒரு வக்கீலும்.